நான்கு சிலிண்டரை இறக்கி எட்டு சிலிண்டரை ஏற்றியது: என் எம்ஜிபி ஜிடியும் ஒரு வூஸ்டர்ஷைர் பட்டறையும்

2023 செப்டம்பரில், இங்கிலாந்தின் வூஸ்டர்ஷைர் பகுதியிலுள்ள ஒரு சிற்றூர்ப் பட்டறையில் என்னுடைய 1978ஆம் ஆண்டு எம்ஜிபி ஜிடி காரை (பிரிட்டனின் எம்ஜி நிறுவனம் கட்டிய சிறு ஸ்போர்ட்ஸ் கார்) ஒப்படைத்தேன். அதிலிருந்த 1,798 சிசி நான்கு சிலிண்டர் என்ஜினை இறக்கிவிட்டு, ரோவர் நிறுவனத்தின் 3,528 சிசி வி8 (வி வடிவில் இரு வரிசையாக எட்டு சிலிண்டர் கொண்ட) என்ஜினையும் அதற்குரிய ஐந்து கியர் பெட்டியையும் பொருத்தித் தர வேண்டும் என்பது ஒப்பந்தம். நான்கு மாதத்தில் முடியும் என்றார்கள். ஒன்பது மாதம் ஆயிற்று. 16,500 பவுண்டு ஆகும் என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசிப் பற்றுச்சீட்டு 19,240 பவுண்டில் நின்றது. வண்டி கைக்கு வந்து ஓராண்டுக்கு மேல் ஆகி, 3,100 மைல் ஓடிய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். முதல் நூறு மைல் மகிழ்ச்சியில் எழுதியிருந்தால் புகழுரையாகவும், அடுத்த மாதம் லண்டனின் ஹேங்கர் லேன் சந்திப்பில் நீராவி விட்டு நின்ற அன்று எழுதியிருந்தால் வசையாகவும் முடிந்திருக்கும்.

பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இருவர் மட்டும் வேலை செய்யும் இடம் அது. காத்திருப்போர் பட்டியல் ஏற்கெனவே நீளம் என்பதால் பெயர் வெளியே பரவுவதை அவர்களே விரும்பவில்லை. குறைகளையும் இங்கே எழுதப்போகிறேன் என்பதால் எனக்கும் அதுவே முறையாகப் படுகிறது. இதே வேலையைச் செய்யும் பட்டறைகள் அந்நாட்டில் பல உண்டு. எந்தப் பட்டறைக்குப் போனாலும் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவையே.

என்ஜின் மாற்றம் என்றதும் பலர் மனத்தில் வருவது, கிடைத்த பெரிய என்ஜினைக் கிடைத்த சிறிய வண்டிக்குள் திணிப்பது. எம்ஜிபி விஷயத்தில் அது பொருந்தாது. அதற்குள் இந்த என்ஜினை முதலில் அதிகாரபூர்வமாக வைத்து விற்றது எம்ஜி தொழிற்சாலையேதான். அந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் இந்தச் செலவில் இறங்கக் கூடாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

எம்ஜிபி 1962இல் திறந்த காராக வந்தது. கூரையும் பின்கதவும் கொண்ட ஜிடி 1965இல் வந்தது. இரண்டிலும் இருந்தது எம்ஜியின் தாய் நிறுவனமான பிஎம்சியின் பி வரிசை நான்கு சிலிண்டர் என்ஜின். வார்ப்பிரும்பால் ஆனது, உழைப்பாளி, ஆனால் முதல் ஆண்டிலேயே 95 குதிரைத்திறனுக்கு மேல் வராதது. வேகம் வேண்டும் என்ற கேட்புக்கு நிறுவனம் தந்த முதல் விடை 1967இல் வந்த எம்ஜிசி. அதில் 2,912 சிசி ஆறு சிலிண்டர் என்ஜினை வைத்தார்கள். அதுவும் வார்ப்பிரும்பு, நான்கு சிலிண்டர் என்ஜினைவிட 90 கிலோவுக்கு மேல் கூடுதல் எடை. அதற்கு இடம் செய்ய முன் சஸ்பென்ஷனையே மாற்றி, பானெட்டில் ஒரு புடைப்பையும் வைக்க வேண்டியிருந்தது. மூக்கு கனத்துப்போன வண்டி வளைவுகளில் திரும்ப மறுக்கிறது என்று அக்காலப் பத்திரிகைகள் குறைகூறின; 1969இல் உற்பத்தி நின்றது. என்ஜின் மாற்றத்தைத் தொழிற்சாலையே தவறாகச் செய்ய முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சரியான விடை அமெரிக்காவிலிருந்து சுற்றுவழியில் வந்து சேர்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1961 முதல் 1963 வரை ப்யூக் கார்களில் 215 கன அங்குல அலுமினிய வி8 ஒன்றை வைத்து விற்றது. வார்ப்பதில் செலவும் கழிவும் அதிகம் என்பதாலும், மெல்லிய சுவர் கொண்ட வார்ப்பிரும்பு என்ஜின்கள் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதாலும் அதைக் கைவிட்டது. அதன் உரிமையை ரோவர் 1965இல் வாங்கி, வார்ப்பு முறையைத் தனக்கேற்ப மாற்றி, 1967இல் தன் பெரிய செடான் காரில் அறிமுகம் செய்தது. பிறகு மார்கன் பிளஸ் 8, ரேஞ்ச் ரோவர், ரோவர் எஸ்டி1 ஆகிய கார்களுக்கும் அது பரவி, 2000க்குப் பிறகும் லேண்ட் ரோவர் டிஸ்கவரியில் ஓடிக்கொண்டிருந்தது. அலுமினியம் என்பதால், கொள்ளளவு இருமடங்காக இருந்தும் எம்ஜிபியின் பழைய நான்கு சிலிண்டர் என்ஜினைவிட எடை கூடவில்லை. எம்ஜிசி எதில் தோற்றதோ அதிலேயே இது வென்றது.

இந்தப் பொருத்தத்தைத் தொழிற்சாலைக்கு முன்பே கண்டவர் கென் காஸ்டெல்லோ என்ற பந்தய ஓட்டுநர். 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் தனிப்பட்ட முறையில் எம்ஜிபிகளுக்குள் இந்த வி8ஐ வைத்து விற்றுவந்தார். பிறகுதான் அப்போது எம்ஜியும் ரோவரும் அடங்கியிருந்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் விழித்துக்கொண்டு, 1973 ஆகஸ்டில் எம்ஜிபி ஜிடி வி8 என்ற பெயரில் தானே விற்கத் தொடங்கியது. ரேஞ்ச் ரோவரில் இருந்த குறைந்த அழுத்த விகித என்ஜின் அது, 137 குதிரைத்திறன். இரண்டு மாதத்தில் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1976இல் நிறுத்தியபோது மொத்தம் 2,591 வண்டிகளே தயாராகியிருந்தன. அவற்றில் ஒன்றை இன்று வாங்க நினைப்பவர் விலையைப் பார்த்துத் தயங்குவார். என்னைப் போன்றவர்கள் சாதாரண ஜிடியை எடுத்துக்கொண்டு பட்டறையின் கதவைத் தட்டுவதற்கு அதுவே காரணம்.

ஆக, இந்த மாற்றத்துக்கு முன்மாதிரி உண்டு, அளவுகள் தெரிந்தவை, உதிரிபாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. அதிலும் என் வண்டி கறுப்பு ரப்பர் பம்பர் கொண்ட பிற்கால வகை. அமெரிக்கச் சட்டங்களுக்காக 1974 இலையுதிர் காலத்தில் பம்பரை மாற்றி வண்டியை ஒன்றரை அங்குலம் உயர்த்தினார்கள் என்பதற்காக இந்த வகையை எம்ஜி அன்பர்கள் ஏளனமாகப் பேசுவது வழக்கம். ஆனால் வி8க்காக உடலில் செய்த மாறுதல்களில் பல அப்போது எல்லா எம்ஜிபிகளுக்கும் பொதுவாக்கப்பட்டன. ரேடியேட்டரும் சில ஆண்டுகளில் முன்னே நகர்ந்தது. 1978 வண்டியில் எட்டு சிலிண்டருக்கான இடம் பாதி தயாராகவே காத்திருக்கிறது. குரோம் பம்பர் கொண்ட பழைய, கலையாத வண்டியை யாராவது இந்த வேலைக்குக் கொண்டுபோனால் நான் கையைப் பிடித்துத் தடுப்பேன். அவற்றின் மதிப்பு அவை மாறாமல் இருப்பதில் உள்ளது. என் புரூக்லண்ட்ஸ் பச்சை ஜிடியை அப்படிப் பேணிப் பார்க்க யாரும் வரிசையில் நிற்கவில்லை.

இனி வேலைக்கு வருகிறேன்.

என்ஜினை நான் தேடவில்லை. பட்டறையே 1980களின் ரோவர் எஸ்டி1 ஒன்றிலிருந்து எடுத்து வைத்திருந்தது. முழுவதும் பிரித்துப் புதுப்பித்துத் தந்தார்கள். பிற்காலத்து 3.9 லிட்டர் வகையை வைக்கலாமே என்று நான் கேட்டபோது, பட்டறை உரிமையாளர் மறுத்துத் தந்த விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. கொள்ளளவைக் கூட்டப் பிற்காலத்தில் துளைகளைப் பெரிதாக்கியதால், இரும்பு உள்ளுறைகளைச் சுற்றியுள்ள அலுமினியச் சுவர் மெலிந்துபோனது. அதிக வெப்பம் கண்ட என்ஜின்களில் அந்த உறைகள் நகரவும் அலுமினியச் சுவர் விரிசல் விடவும் வாய்ப்புண்டு. 3.5 லிட்டரில் அந்தக் கவலை குறைவு. இதற்கென்று உள்ள நோய் வேறு: வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம்ஷாஃப்டின் தேய்மானம். எண்ணெயை உரிய காலத்தில் மாற்றாத என்ஜின்களில் கேமும் அதன் மேல் அமரும் லிஃப்டர்களும் ஓசையின்றித் தேய்ந்துபோகும். எண்ணெய் கருப்பு நெய்போல் உறைந்து வழிகளை அடைக்கும். என் என்ஜினைத் திறந்தபோது இரண்டு கேம் முனைகள் மழுங்கியிருந்ததைப் படம் எடுத்து அனுப்பினார்கள். கேம், லிஃப்டர், சங்கிலி மூன்றையும் புதிதாகப் போட்டதில் 640 பவுண்டு கூடியது. இந்தக் கூடுதலில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. கேட்டுவிட்டுச் செய்தார்கள், கழற்றிய பாகங்களைப் பெட்டியில் போட்டுக் கையில் கொடுத்தார்கள்.

இந்த வேலையின் உண்மையான கைத்திறனை நான் கண்டது புகைபோக்கிக் குழாய்களில்தான். வி வடிவ என்ஜினில் குழாய்கள் இருபுறமும் இறங்கவேண்டும். எம்ஜிபியின் என்ஜின் அறையில் நீளத்துக்குக் குறையில்லை, அகலத்துக்குத்தான் பஞ்சம். வலப்பக்கம் ஸ்டீயரிங் தண்டு குறுக்கே வருகிறது. தொழிற்சாலை 1973இல் செய்ததுபோல என்ஜினை ஒட்டிக் குறுகிய குழாய்களை இறக்கலாம்; அப்போது வெப்பம் முழுவதும் உள்ளேயே தங்கும், ஸ்பார்க் பிளக் மாற்றுவதும் பெரும்பாடு. இன்னொரு வழி, 1990களில் ரோவர் குழுமம் எம்ஜிபியின் உடலைப் புதுப்பித்து எம்ஜி ஆர்வி8 என்ற பெயரில் 2,000க்குச் சற்றுக் குறைவான வண்டிகளைக் கட்டியபோது கையாண்ட வழி: என்ஜின் அறையின் பக்கச் சுவரில் துளையிட்டு, குழாய்களைச் சக்கர வளைவுக்குள் வெளியே எடுத்து, அங்கிருந்து கீழே இறக்குவது. வெப்பம் வெளியே போகிறது, காற்று எளிதாகப் பாய்கிறது. ஆனால் நல்ல தகட்டை வெட்டவேண்டும். ஒரு முறை வெட்டினால் வெட்டியதுதான்.

நான் இரண்டு வாரம் தயங்கினேன். அவர்கள் அவசரப்படுத்தவில்லை, இரு வகையிலும் முடித்த இரண்டு வண்டிகளை வரவழைத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். முதல் வண்டியிலிருந்து இறங்கும்போது என் வலது காலணியின் அடிப்பாகம் சுட்டது. முடிவு அங்கேயே ஆகிவிட்டது. வெட்டிய துளைகளின் விளிம்பில் உட்புறமாகத் தகட்டு வளையம் வைத்துப் பற்றவைத்து, துருத்தடுப்புப் பூசி, சக்கரம் வாரியிறைக்கும் சேறும் குளிர்கால உப்பும் உள்ளே வராமல் ரப்பர் திரைகளும் அமைத்திருக்கிறார்கள். ஒரு குளிர்காலம் கழிந்து திரையைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. பற்றவைப்பின் வரிசை, தேர்ந்த தையல்காரர் போட்ட தையல்போல ஒரே சீராக ஓடுகிறது. யாரும் பார்க்காத இடத்தில் செய்த வேலை இது. பட்டறையை எடைபோட இதுபோன்ற இடங்களைத்தான் பார்க்கவேண்டும்.

கியர் பெட்டிக்காக நடுச் சுரங்கத்தைச் சில இடங்களில் அகலப்படுத்தி, தாங்கிச் சட்டத்தைப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கியர்த் தண்டு கைக்கு இயல்பான இடத்தில் வருகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்கு இறங்கும்போது குளிர்ந்த காலையில் சற்று முரண்டு பிடிப்பது அந்தப் பெட்டியின் பிறவிக் குணம். பின் ஆக்சிலின் பற்சக்கரங்களை 3.909 விகிதத்திலிருந்து தொழிற்சாலை வி8இல் இருந்த 3.07க்கு மாற்றியதுதான் நான் கொடுத்த பணத்தில் மிகுந்த பயன் தந்த செலவு. முன்பு ஓவர்டிரைவ் (என்ஜின் சுற்றைக் குறைக்கும் துணை கியர்) போட்டும் 70 மைல் வேகத்தில் என்ஜின் நிமிடத்துக்கு 3,200 சுற்றில் இரைந்துகொண்டிருக்கும். இப்போது அதே வேகத்தில் ஐந்தாம் கியரில் ஏறக்குறைய 2,500 சுற்று. ஆக்சிலை மாற்றாமல் வி8 மட்டும் வைத்துத் தருகிறேன் என்று யாராவது குறைந்த விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். முதல் கியர் பயனற்றதாகப் போகும். நெடுஞ்சாலையில் காதும் எரிபொருளும் சேர்ந்து வீணாகும்.

பிரேக்கும் அப்படியே. தொழிற்சாலை வி8இல் தடித்த டிஸ்க்குகளும் அவற்றைப் பிடிக்கும் பெரிய கேலிப்பர்களும் இருந்தன. அதே அளவில் எனக்கும் போட்டார்கள். முன் வில்களை (ஸ்பிரிங்குகளை) மாற்றவில்லை, எடை கூடாதபோது மாற்றத் தேவையுமில்லை. பின்புறம் மட்டும் நாற்பத்தைந்து வயதான வில் தகடுகள், அழுத்தி முடுக்கும்போது முறுக்கிக்கொண்டு சக்கரம் துள்ளுகிறது. இதை முன்பே அவர்கள் எச்சரித்தார்கள். பணத்தைப் பார்த்து நான்தான் தள்ளிப்போட்டேன்.

இதுவரை சொன்னவற்றைப் படித்தால் குறையே இல்லாத பட்டறைபோலத் தோன்றும். குறை முழுவதும் மின்சாரத்தில் சேர்ந்து கிடந்தது.

ஜூன் இறுதியில் வண்டியை வாங்கினேன். ஜூலை நடுவில், வெயில் காய்ந்த ஒரு மாலையில், ஏ40 சாலையில் ஹேங்கர் லேன் நோக்கி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டது. ரேடியேட்டரின் இரண்டு மின்விசிறிகளும் சுழல்வது கேட்டது. ஆனாலும் முள் இறங்கவில்லை; ஐந்து நிமிடத்தில் மூடியோரத்திலிருந்து நீராவி. அலுமினியத் தலைப்பகுதி கொண்ட என்ஜினை அந்நிலையில் ஓட்டுவது தற்கொலைக்கு ஒப்பானது என்பதால் ஓரமாக நிறுத்திவிட்டு இழுவை வண்டிக்காக இரண்டு மணி நேரம் காத்திருந்தேன்.

தொலைபேசியில் கேட்டபோது, வி8 என்றால் லண்டன் நெரிசலில் சற்றுச் சூடாகத்தான் செய்யும் என்றார்கள். இது எனக்கு ஏற்புடையதாக இல்லை. பெரிய ரேடியேட்டர், இரண்டு விசிறி, வெளியே போகும் புகைபோக்கி என்று இவ்வளவும் செய்த பிறகு சூடாகக் காரணமில்லை. நானே ஒரு மல்டிமீட்டரை எடுத்து விசிறியின் முனையில் வைத்துப் பார்த்தேன்: 10.2 வோல்ட். அதே நேரத்தில் பேட்டரியில் 13.8. காரணம் எளிது. இரு விசிறிகளுக்கும் போகும் மின்சாரம் முழுவதையும் 1978இல் போட்ட பழைய மெல்லிய கம்பி வழியாகவும் ஒரு வெப்பச் சுவிட்ச் வழியாகவும் நேரடியாக அனுப்பியிருந்தார்கள். இடையில் ரிலே (சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தை இயக்கும் சுவிட்ச்) இல்லை. தரைக் கம்பியும் பெயின்ட் மேல் வைத்து முடுக்கப்பட்டிருந்தது. விசிறி சுழன்றது, ஆனால் காற்றை இழுக்கும் வேகத்தில் சுழலவில்லை. காதால் கேட்டு நம்பியதுதான் என் தவறு.

இரண்டு ரிலே, ஒரு ஃபியூஸ் பெட்டி, தடித்த கம்பி ஆகியவற்றுடன் ஒரு சனிக்கிழமை மாலை உழைப்பு. செலவு 60 பவுண்டுக்குள். அதன் பிறகு அதே சாலையில், அதே வெயிலில், முள் நடுவைத் தாண்டியதில்லை. 19,000 பவுண்டு வேலையில் 60 பவுண்டு விட்டுப்போனது, யானை வாங்கியவன் அங்குசத்துக்குப் பேரம் பேசிய கதைதான். எரிபொருள் பம்புக்கான இணைப்பும் அதே போக்கில் இருந்ததைப் பிறகு கண்டேன். படங்களுடன் எழுதி அனுப்பியதும், பட்டறை வருத்தம் தெரிவித்து, மின்வேலைக்கென்று வாங்கிய கூலியில் 400 பவுண்டைத் திருப்பித் தந்தது. நேர்மையான செயல்தான். ஆயினும் முதல் பதிலாக வி8இன் தலையில் பழியைப் போட்டதை நான் மறக்கவில்லை.

தாமதத்தைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. இயந்திரத் துளையிடும் வேலைக்கு வெளியே அனுப்பிய என்ஜின் உடல் பத்து வாரம் திரும்பி வரவில்லை என்பது உண்மை. நான் கேட்டால்தான் அதைச் சொல்வார்கள் என்பதும் உண்மை. வாரம் ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

ஓட்டுவது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். பந்தயக் காரை எதிர்பார்த்தால் ஏமாற்றம். இன்றைய சாதாரண மின்சாரக் கார் ஒன்று பச்சை விளக்கில் இதைப் பின்னால் விட்டுச் செல்லும். தொழிற்சாலை வி8 மணிக்கு 60 மைலை எட்ட ஏறக்குறைய எட்டு வினாடி எடுத்தது. எஸ்டி1 என்ஜினில் 155 குதிரைத்திறன் என்பதால் என்னுடையது அதைவிடச் சற்று விரைவாக இருக்கலாம், நான் அளந்ததில்லை. இந்த என்ஜினின் சிறப்பு வேகத்தில் இல்லை, முறுக்கு விசை பிறக்கும் இடத்தில் இருக்கிறது. 1,500 சுற்றிலேயே தள்ளத் தொடங்கிவிடுகிறது. காட்ஸ்வோல்ட்ஸ் மேடுகளில் முன்பு மூன்றாம் கியருக்கு இறங்கி, இரைச்சலோடு ஏறிய இடங்களில் இப்போது ஐந்தாம் கியரிலேயே பெருவிரலால் அழுத்தி ஏறுகிறேன். வளைவுகளில் வண்டி பழைய வண்டியாகவே திரும்புகிறது. எம்ஜிசியின் நோய் இதைத் தொற்றவில்லை. நின்ற நிலையில் அதன் ஒலி, மூடி போட்ட பெரிய பானையில் சோறு கொதிப்பதுபோல அடங்கிய குமிழோசை. மூவாயிரம் சுற்றுக்கு மேல் அது வேறாக மாறுகிறது. அதை எழுத்தில் கொண்டுவரும் முயற்சியை விட்டுவிடுகிறேன். என் மனைவிக்குப் பழைய என்ஜினின் ஒலிதான் பிடித்திருந்தது என்பதையும் பதிவு செய்யவேண்டும்.

எரிபொருள்: நகரத்தில் ஒரு கேலனுக்கு 20 மைல், நெடுஞ்சாலையில் 27. எஸ்டி1 என்ஜினின் அழுத்த விகிதம் உயர்ந்தது என்பதால் உயர் ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன். பிரிட்டனில் 2021இல் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து விழுக்காடு வரை எத்தனால் கலந்தது) ஆக மாறிய பிறகு, பழைய ரப்பர் குழாய்களுக்கும் அதுவே பாதுகாப்பு. எஸ்யூ வகைக் கார்புரேட்டர் இரண்டு வைத்தேன், தொழிற்சாலை முறைப்படி என்ஜினுக்குப் பின்பக்கமாக. அமெரிக்க நான்கு துளைக் கார்புரேட்டர் வைத்தால் சக்தி சற்றுக் கூடும் என்றார்கள். அதற்காகப் பானெட்டில் புடைப்பு வைக்க எனக்கு மனமில்லை. வெளியே பார்ப்பவருக்கு இது இன்னும் 1978இன் சாதுவான ஜிடியாகத் தெரிகிறது, அதில் ஒரு கள்ளத்தனமான இன்பம் உண்டு.

தாள் வேலையை அலட்சியம் செய்யாதீர்கள். என்ஜின் எண்ணும் கொள்ளளவும் மாறியதை வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவுக்குத் தெரிவித்துப் பதிவுச் சான்றிதழைத் திருத்தவேண்டும். அதற்கு என்ஜின் வாங்கிய பற்றுச்சீட்டு போன்ற ஆதாரம் தேவை. பட்டறை அதை முறையாகக் கொடுத்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வேலை தொடங்கும் முன்பே எழுதினேன். ஆண்டுக்கு 70 பவுண்டு கூடியது. நாற்பது ஆண்டு கடந்த வண்டிகளுக்கு எம்ஓடி என்னும் ஆண்டுத் தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு என்றாலும், சிலிண்டர் எண்ணிக்கை மாறிய வண்டியைப் பெரும் மாற்றம் கண்டதாகக் கருத அரசு வழிகாட்டுதலில் இடமிருக்கிறது. இதே உடலில் இதே என்ஜினைத் தயாரிப்பாளரே விற்றார் என்று வாதிடலாம். நான் வாதிடவில்லை, ஆண்டுதோறும் சோதனைக்குக் கொண்டுபோகிறேன். யாரோ ஒருவர் வண்டியைத் தூக்கி அடியில் விளக்கடித்துப் பார்ப்பது நல்லதுதானே.

மாஸ்டா எம்எக்ஸ்-5இன் என்ஜின், ஃபோர்டின் ஸீடெக் என்ஜின் என்று இன்னும் மலிவான மாற்றங்களும் எம்ஜிபிக்கு உண்டு. அவற்றில் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். நம்பகமானது, சிக்கனமானது, அன்றாடம் வேலைக்கு ஓட்டுபவருக்கு இதைவிட அறிவுள்ள தேர்வு. இறங்கியதும் அதை மறந்துவிட்டேன்.

இந்தப் பட்டறையைப் பிறருக்குப் பரிந்துரைப்பேனா என்றால், தகட்டு வேலை, என்ஜின் கட்டுதல், ஆலோசனை மூன்றுக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். சொன்ன காலத்தை இருமடங்காக்கிக்கொள்ளுங்கள். சொன்ன தொகையில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். வண்டியை வாங்கும் நாளில் வெயில் இருந்தால் நன்று. பட்டறை வாசலிலேயே இருபது நிமிடம் நின்ற நிலையில் ஓடவிட்டு, விசிறி முனையில் எத்தனை வோல்ட் வருகிறது என்று அவர்கள் கண்முன்னே அளந்து பாருங்கள்.

இறக்கிய நான்கு சிலிண்டர் என்ஜினைக் கேட்டு வாங்கிவந்து, எண்ணெய் தடவி, தார்ப்பாய் சுற்றி, வீட்டுக் கொட்டகையில் வைத்திருக்கிறேன். பின் வில் தகடுகளை மாற்ற அடுத்த மாதம் அதே பட்டறைக்குத்தான் போகிறேன். கொடுக்கப்போகும் வேலைப் பட்டியலை எழுதிவிட்டேன். அதில் கம்பி வேலை எதுவும் இல்லை.